போஸ்டரில் சிரித்தவனைக் காணோம்

அத்தியாயம் மூன்று

அந்தப் பல்கலைக்கழகத்தின் நுழைவாயில் மிகப் பெரியது. அதைக் கட்டி முடித்த களைப்பில், உள்ளே கட்ட வேண்டியவற்றைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டார்கள். காலை வேளையில் அதன் நிழல் சாலையைத் தாண்டி, எதிர்க் கடையைத் தாண்டி, அடுத்த தெருவில் காயப்போட்டிருந்த துணிகளை மத்தியானம் வரை ஈரமாகவே வைத்திருக்கும்.

துப்பறிவாளர் காரிலிருந்து ஒவ்வொரு காலாக இறக்கினார். முந்தின வழக்கில், ஒரு துணிக்கடை முதலாளியின் காணாமல் போன மாமனாருக்காக ஐஸ் கிடங்கு ஒன்றில் ஒளிந்திருந்து காவல் காத்தார். மாமனார் கடைசியில் சொந்த வீட்டு மாடியில், மருமகன் ஏறி வராத அறையில் கிடைத்தார். முழங்காலில் ஏறிய குளிர் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

பின்னாலேயே மச்சினன் இறங்கினான். துப்பறிவாளரின் மனைவிக்குத் தம்பி. வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் கூட இருக்கட்டும் என்று மனைவி அனுப்பிவைத்தபோது அவனுக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. இப்போது அதில் பாதி நரைத்துவிட்டது. வேறு வேலை இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

வாசலுக்குப் பக்கத்தில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு போஸ்டர். அதில் வெளிநாட்டு இளைஞன் ஒருவன். அக்குளில் கட்டுமானத் தொப்பி, மார்போடு அணைத்த புத்தகம், லேசாகத் தூக்கிய மோவாய், காது வரைக்கும் சிரிப்பு. கீழே 'உங்கள் எதிர்காலத்துக்கு ஒரு பாலம்' என்று ஆளுயர எழுத்தில் போட்டிருந்தது.

"அத்தான், இந்தச் சிரிப்பைப் பாருங்க. கல்யாண போட்டோல நீங்க சிரிச்ச மாதிரியே இருக்கு."

"அப்ப எனக்கு விவரம் தெரியாது."

"இவனுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கறீங்களா?"

துப்பறிவாளருக்குப் படி ஏற வேண்டியிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிற வயதை அவர் தாண்டிவிட்டார்.

வெளிநாட்டு மாணவர் சேர்க்கை அலுவலகத்தின் சுவரில் பல நாடுகளின் நேரத்தைக் காட்டும் கடிகாரங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. உள்ளூர் நேரம் காட்டும் கடிகாரம் மட்டும் நின்றுபோயிருந்தது. உள்ளூர்க்காரர்களைச் சேர்ப்பது அந்த அலுவலகத்தின் வேலை இல்லை.

இயக்குநர் ஓர் அம்மையார். பல இரவுகள் தூங்காத கண். ஒரு கையில் போன், இன்னொரு கையில் இன்னொரு போன், மேஜையில் மூன்றாவது போன் கையில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"போஸ்டரைக் காணோம்" என்றார்.

"வாசல்ல பார்த்தோமே மேடம்" என்றான் மச்சினன்.

"போஸ்டர்ல இருக்கற பையனை. அவனைத்தான் போஸ்டர்னு கூப்பிடுவோம். பேரு இருக்கு, ஃபைல்ல பார்த்துச் சொல்றேன். திங்கக்கிழமையிலேர்ந்து ஆளைக் காணோம். இன்னைக்கு சாயங்காலம் அவன் நாட்டிலேர்ந்து ஒரு பஸ் நிறைய ஆளுங்க வர்றாங்க. பிள்ளைங்க, அப்பா அம்மா, எல்லாருமே அவன் படத்தைப் பார்த்துட்டு வர்றவங்க. அவன் மேடையில ஏறி வரவேற்கணும்."

"வரலைன்னா?" என்றார் துப்பறிவாளர்.

"வெளிநாட்டு மாணவன் காணாமப் போனா குடியேற்றத் துறைக்கு எழுதியாகணும் சார். அது சட்டம். இன்னைக்கு சாயங்காலம்தான் கெடு. எழுதிட்டா அவன் தங்கற அனுமதி ரத்து. எங்க பிடிக்கறாங்களோ அங்கேயே வெச்சு விமானம் ஏத்திருவாங்க. மூணாவது வருஷம் வேற. பாவம்."

கால் உடைந்த நாற்காலியைப் பற்றிச் சொல்கிற தொனியில் அந்தப் 'பாவம்' வந்தது.

"யார் மேலயாவது சந்தேகம்?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம் இருக்கே, அவங்கதான். போன வருஷம் எங்க நீச்சல்குளத்துப் பொண்ணை ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"நீச்சல்குளத்துப் பொண்ணா?"

"நீச்சல்குளம் படத்துல இருந்த பொண்ணு."

"குளம் எங்க மேடம் இருக்கு?" என்றான் மச்சினன்.

"பொண்ணு இருந்தாளே" என்றார் இயக்குநர். அதற்கு மேல் அந்தப் பேச்சு வளரவில்லை.

தேடாத இடமில்லை என்றார். விமான நிலையம், பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, தியேட்டர், ஆற்றங்கரை, அவன் நாட்டுக்காரர்கள் கூடுகிற முடிதிருத்தும் கடை. வளாகத்துக்குள்ளும் உணவகம், விளையாட்டுத் திடல், விருந்தினர் மாளிகை என்று சல்லடை போட்டுச் சலித்தாயிற்று.

துப்பறிவாளர் ஒரு பெருமூச்சு விட்டார். "அவன் இருந்த அறையைக் காட்டுங்க. மாடின்னா மட்டும் முதல்லயே சொல்லிடுங்க."

*

மாடிதான். 

அது 'மாதிரி அறை'. வருகிற பெற்றோர்களுக்கு 'எங்கள் விடுதி இப்படித்தான் இருக்கும்' என்று திறந்து காட்டுகிற அறை. ஆள் இல்லாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போஸ்டரையே அதில் குடிவைத்திருந்தார்கள். விருந்தினர் கண் எட்டுகிற உயரம் வரை தூசு கிடையாது. அதற்கு மேல் எட்டுக்கால் பூச்சிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்தன.

அலமாரியில் பட்டமளிப்பு அங்கி, கட்டுமானத் தொப்பி, ஆய்வகக் கோட்டு, டென்னிஸ் மட்டை. மச்சினன் மட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தான். நரம்பு, படத்தில் விழுகிற முன்பக்கம் மட்டும்தான் பளபளப்பாக இருந்தது.

"எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் போயிருக்கான்" என்றார் இயக்குநர். "போனைக்கூட."

கட்டிலின் நடுவில் போன் இருந்தது. துப்பறிவாளர் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். மெத்தை சரசரத்தது. உறையின் மேல் கடைக்காரர் சுற்றிய பிளாஸ்டிக் இன்னும் பிரிக்கப்படவில்லை. மூன்றாவது வருஷமாக ஒருவன் சரசரப்பின் மேல் தூங்கியிருக்கிறான்.

மச்சினன் புத்தகத் தட்டிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை இழுத்தான். முழு வரிசையும் அதோடு சேர்ந்து வந்தது. அத்தனையும் ஒட்டிய அட்டை, உள்ளே ஒன்றுமில்லை.

"நல்ல புத்தகம் அத்தான். ஒரே மூச்சுல முடிச்சுடலாம்."

"ஓரத்துல பார் மாப்ள."

வரிசையின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி. அங்கே ஒரு நிஜப் புத்தகம் இருந்திருக்கிறது, ஒல்லியானது. தட்டில் இருந்த உண்மையான புத்தகம் அது ஒன்றுதான். அதுதான் இப்போது இல்லை.

ஜன்னல் திரையை விலக்கினால், மேடையில் தூசுக்கு நடுவே ஒரு வட்டம். அதற்குள் மூன்று குட்டிக் கால் தடம்.

"இங்க என்ன இருந்தது மேடம்?"

"ஓ, அதுவா. சாவி கொடுக்கற சிவப்பு அலாரம் கடிகாரம். வீட்டிலேர்ந்து கொண்டுவந்தான். படத்துல அசிங்கமா விழுதுன்னு திரைக்குப் பின்னாடி வைக்கச் சொல்லியிருந்தோம்."

"காலையில அவன் எப்படி எழுந்திருப்பான்?"

"நாங்கதான் போன் பண்ணி எழுப்புவோம். வெளிச்சம் நல்லா இருக்கறப்பவே படம் எடுத்தாகணுமே."

"தினமுமா?"

"தினமும் எங்க சார். ஞாயித்துக்கிழமை லீவு."

கீழே யாரோ பூந்தொட்டி வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். இயக்குநர் மூன்று போனோடும் இறங்கிப் போனார். துப்பறிவாளர் ஜன்னலோரம் போய் அந்தத் தூசு வட்டத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாப்ள, ஓடிப்போறவன் போனை விட்டுட்டு, சாவி கொடுக்கற கடிகாரத்தை எதுக்குக் கையோட எடுத்துட்டுப் போறான்?"

"அடுத்தவங்க எழுப்பக் கூடாது. ஆனா எழுந்திரிக்கணும்."

"எதுக்கு எழுந்திரிக்கணும்?"

"வேலைக்குத்தான். எங்கயாவது பேக்கரியில மாவு பிசைஞ்சுட்டு இருப்பான். வாங்க, ஒவ்வொரு பேக்கரியா ருசி பார்த்துட்டு வரலாம்."

"ஒல்லிப் புத்தகம்?"

"தலைக்கு வெச்சுப் படுக்க."

துப்பறிவாளர் அதற்குள் படியில் பாதி இறங்கிவிட்டிருந்தார். இறங்குவது அவருக்கு ஏறுவதைவிட வலித்தது, ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும்.

*

போஸ்டர் சேர்ந்திருந்த பாலக் கட்டுமானத் துறை, அரங்கத்துக்குப் பின்னால், போஸ்டர்களில் ஒருபோதும் வராத ஒரு பழைய கட்டடத்தில் இருந்தது. மூன்றாம் வருஷப் பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

போஸ்டரைப் பற்றிக் கேட்டதும் ஒரு கண்ணைத் திறந்தார். "அவனா? சேர்க்கை ஆபீஸ்ல வேலை பார்க்கற பையன் இல்லையா?"

"உங்க மாணவன் சார்."

"அப்படியா. சொல்லவே இல்லையே." மறு கண்ணும் திறந்தது. "ஒருநாள் என் வகுப்புல முதல் பெஞ்சுல உட்கார்ந்திருந்தான், படம் எடுக்கறதுக்காக. நான் வெளியே நின்னேன்."

"நீங்க ஏன் வெளியே நின்னீங்க?"

பேராசிரியர் தலையைத் தடவிக்கொண்டார். அங்கே தடவுவதற்கு ஒரு முடிகூட மிச்சமில்லை. "வெளிச்சம் பட்டு எதிரொளிக்குதுன்னு சொல்லிட்டாங்க."

மச்சினன் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டான். நெடுநேரம் சரிசெய்தான்.

"அதுக்கப்புறம் அவனைப் பார்க்கவே இல்லையா?"

"போன வாரம் வந்தான். ஒரு சந்தேகம் கேட்டான். ரெண்டு கல்லு மேல ஒரு பலகையை வெச்சு நடுவுல ஒரு ஆள் நின்னா, பலகை ஏன் வளையுதுன்னு. மூணாவது வருஷத்துல எவனாவது இதைக் கேட்பானா? கேலி பண்றானோன்னு பார்த்தேன். நிஜமாத்தான் கேட்டான். உனக்கு நான் சொல்லித் தர முடியாதுப்பா, நீ அடியிலேர்ந்து வரணும்னு சொன்னேன். நன்றின்னு சொல்லிட்டுப் போனான். இருங்க, நன்றின்னு சொல்லலை. 'தங்கள் மேலான வழிகாட்டுதல் எங்கள் நிறுவனத்தின் பெருமை'ன்னு சொன்னான்."

வெளியே வந்ததும் துப்பறிவாளர் படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அரங்கத்தில் ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

"பஸ் வந்துரும் அத்தான். எந்தப் பேக்கரின்னு தீர்மானம் பண்ணுங்க."

"மாப்ள, அந்தம்மா தேடின இடமெல்லாம் சொல்லு பார்ப்போம்."

"விமான நிலையம், பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, தியேட்டர், ஆத்தங்கரை, சலூன், திடல், சாப்பாட்டுக் கூடம்."

"இது என்ன இடம்?"

"பல்கலைக்கழகம்."

"பல்கலைக்கழகத்துல ஒரு மாணவனைக் காணோம்னா, முதல்ல எங்க போய்ப் பார்ப்பே?"

மச்சினன் வாயைத் திறந்தான், மூடினான். அது அவனுக்கு அபூர்வமான நிகழ்ச்சி. "வகுப்புல" என்றான் கடைசியில்.

"அந்தம்மாவுக்கு அது தோணலை. தோணாது. அவங்க அவனை ஒருநாளும் அங்க பார்த்ததில்லை."

"ஆனா மூணாவது வருஷ வகுப்புல இல்லைன்னு வாத்தியாரே சொல்லிட்டாரே."

"அடியிலேர்ந்து வான்னு அவர்தானே சொன்னார்" என்று துப்பறிவாளர் எழுந்தார். "அடி எங்க இருக்குன்னு கேட்டுட்டு வா. மாடின்னா சொல்லாதே, நடந்தே தெரிஞ்சுக்கறேன்."

*

முதலாம் வருஷத்து வகுப்பு வளாகத்தின் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் சைக்கிள் கொட்டகைக்கும் நடுவில் ஒரு நீளமான கூடத்தில் நடந்தது. எல்லாப் பேராசிரியர்களும் வர மறுத்த விடியற்கால வகுப்பில் தொடங்கி, எல்லாப் பேராசிரியர்களும் இருக்க மறுத்த சாயங்கால வகுப்பு வரை அங்கே ஒரே டீச்சர்தான். அவர் குரல் நடுப்பகலிலேயே தீர்ந்துபோயிருந்தது. மிச்சத்தைக் கரும்பலகையில் எழுதி ஈடுகட்டிக்கொண்டிருந்தார். மேலே ஒரு ஃபேன்கூட ஓடவில்லை.

கூடம் நிறைய மாணவர்கள். பல தேசத்து முகங்கள். மச்சினன் வாசலிலிருந்து வரிசை வரிசையாகப் பார்த்தான். போஸ்டரைத்தான் ஊரே மனப்பாடம் செய்திருக்கிறதே.

"இல்லை அத்தான். அந்த மூஞ்சி இங்க இல்லவே இல்லை."

"நீ சிரிக்கற மூஞ்சியைத் தேடறே."

"வேற எந்த மூஞ்சியும் அவன்கிட்ட இருக்கறதா தெரியலையே."

துப்பறிவாளர் டீச்சரிடம் போய் மெதுவாக ஏதோ சொன்னார். டீச்சருக்கு மறுப்பதற்குக் குரல் இல்லை. துப்பறிவாளர் திரும்பி, "மாப்ள, உன் போனை எடு. இவங்களையெல்லாம் ஒரு போட்டோ எடு" என்றார்.

மச்சினன் மேடையில் ஏறிப் போனை உயர்த்தினான்.

கூடத்தில் பாதிப் பேர் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். சிலர் கொட்டாவி விட்டார்கள். ஒருவன் பெஞ்சுக்கு அடியில் போனான். கடைசிக்கு முந்தின வரிசையில், மொட்டை அடித்துச் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்த ஒருவன் மட்டும் நிமிர்ந்தான். முதுகு நேரானது. மோவாய் லேசாக மேலே போனது. கையிலிருந்த ஒல்லிப் புத்தகம் தானாக மார்புக்கு ஏறியது. கடை ஷட்டரைத் தூக்குவது போல ஒரு சிரிப்பு காது வரைக்கும் திறந்தது.

மறு நொடியே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஷட்டரை இறக்கினான். அதற்குள் மச்சினன் பார்த்துவிட்டான்.

"மொட்டை அடிச்சதுகூடப் பரவாயில்லை" என்றான் மச்சினன், அவனைத் தாழ்வாரத்துக்குக் கூட்டி வந்ததும். "சிரிக்காம இருந்தே பாரு, அதுதான் பெரிய மாறுவேஷம்."

போஸ்டர் கைகட்டி நின்றான். சிரிக்காத முகம் பத்து வயது அதிகமாகத் தெரிந்தது. "தங்கள் வருகையால் பெருமை அடைகிறோம்" என்றான். "தயவுசெய்து என்னைக் காட்டிக்கொடுக்காதீர்கள்."

மச்சினன் துப்பறிவாளரைப் பார்த்தான். துப்பறிவாளர் தலையசைத்தார். பையன் இந்த ஊர்ப் பேச்சைக் கற்றதெல்லாம் மேடையில். வரவேற்புரையைத் தவிர வேறு பேச்சு அவனுக்கு வராது.

"எங்கேப்பா தங்கியிருக்கே?" என்றார் துப்பறிவாளர்.

"முதலாம் வருஷ மாணவர் அறையில். காற்றோட்டமான தரை. அவர்களிடம் கடிகாரம் இல்லை, என்னிடம் இருக்கிறது. பரஸ்பர நல்லுறவு நிலவுகிறது."

"ஏன் இப்படி ஒளிஞ்சு படிக்கறே? வகுப்புக்குப் போகணும்னு ஆபீஸ்லயே கேட்டிருக்கலாமே."

"பலமுறை கோரிக்கை வைத்தேன். அடுத்த படப்பிடிப்புக்குப் பிறகு ஆவன செய்யப்படும் என்று உறுதி அளித்தார்கள்." அவன் புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் நீவினான். "இன்றைய பேருந்தில் என் தங்கை வருகிறாள். என் படம் அவள் படுக்கைக்கு மேலே ஒட்டப்பட்டுள்ளது. நான் பாலம் கட்டக் கற்றுக்கொண்டேன் என்று அவள் நம்புகிறாள். எனக்கு ஒரு பலகையே தெரியாது. நான்கு நாளாகத்தான் தெரிகிறது. மேடையில் நின்று அவளை வா என்று சொன்னால், அவளையும் படம் எடுப்பார்கள். அவளுக்கு என்னைவிட நன்றாகச் சிரிக்க வரும்."

மச்சினன் கையிலிருந்த போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

*

இயக்குநர் அரங்கத்தின் மேடையில் பூந்தொட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தார். மொட்டைத் தலையைக் கண்டு முதலில் யாரோ என்று பார்த்தார். பிறகு தொட்டியைக் கீழே வைத்தார்.

"முடி எங்கே?"

"மேடம், முடி வளரும்" என்றார் துப்பறிவாளர். "இவன் எங்கயும் ஓடலை. உங்க பல்கலைக்கழகத்துலதான் இருந்தான். முதல் வருஷ வகுப்புல. பேரை மூணாம் வருஷத்திலேர்ந்து முதல் வருஷத்துக்கு மாத்தி ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா, காணாமப் போனதும் இல்லை, புகாரும் இல்லை. இவன் படிச்சுட்டுப் போறான்."

"விளையாடறீங்களா சார்? மூணு வருஷம் கழிச்சு முதல் வருஷத்துக்குத் திரும்பிப் போன பையனைப் பார்த்து எவன் இங்க வந்து சேருவான்?" அவர் குரல் உயரவில்லை. உயர்த்தத் தெம்பு இல்லை. "எனக்கு மேல இருக்கறவங்க என்னை ஒண்ணே ஒண்ணுதான் கேட்பாங்க, இந்த வருஷம் எத்தனை பேருன்னு. இன்னைக்கு மேடையில ஏறிச் சிரிச்சுப் பேசட்டும், புகாரைக் கிழிச்சுப் போடறேன். பழையபடி அந்த 'மாதிரி அறை'யில இருக்கட்டும். மாட்டேன்னா சாயங்காலமே குடியேற்றத் துறைக்குப் போயிடும்."

வாசலில் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது.

"பேசுகிறேன்" என்றான் போஸ்டர்.

அரங்கம் நிறைந்தது. பிரயாணக் கசங்கலோடு அப்பாக்கள், அம்மாக்கள், பிள்ளைகள். முதல் வரிசையில் ஒல்லியாக ஒரு பெண், மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி அண்ணனின் மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பறிவாளர் கடைசி வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

போஸ்டர் ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றான். சிரிக்கவில்லை. அவன் தாய்மொழியில் பேச ஆரம்பித்தான்.

அலுவலகத்தில் ஒருவருக்கும் அந்த மொழி தெரியாது. மூன்று வருஷமாக அந்த நாட்டிலிருந்து மாணவர்களை வரவழைத்துக்கொண்டிருந்த அலுவலகம் அது. இயக்குநருக்கு உரையின் கையசைவுகள் மட்டும் மனப்பாடம்.

"நூலகம்னு வர்ற இடத்துல கையை விரிக்கணும்" என்று முணுமுணுத்தார். "இன்னும் விரிக்கலையே."

"நூலகம் வரலை போல மேடம்" என்றான் மச்சினன்.

போஸ்டர் கையை விரிக்கவே இல்லை. அவன் பேசப் பேச அரங்கத்தில் இருமல் நின்றது. ஓர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். தங்கை பையைக் கீழே வைத்தாள்.

உரை முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. நடுவரிசையிலிருந்து பருத்த ஒருவர் எழுந்தார். வியாபார விஷயமாக இந்த ஊருக்கு வந்து போகிறவர் போலிருக்கிறது, பேச்சு சரளமாக வந்தது.

"இந்தத் தம்பி இத்தனை வருஷம் ஒண்ணுமே படிக்கலைன்னு சொல்லுது. அறை பொய், புத்தகம் பொய்யாம்."

இயக்குநர் ஒரு பூந்தொட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா நாலு நாளா ஒரு வகுப்புக்குப் போகுதாம். அங்க ஃபேன் ஓடாதாம். ஒரே டீச்சராம், தொண்டை கட்டியிருக்காம். ஆனா எத்தனை தடவை கேட்டாலும் கோவிச்சுக்காம சொல்லித் தர்றாங்களாம். எங்க பிள்ளைங்களை எங்கயாவது விட்டுத்தான் ஆகணும். நாங்க அந்த இடத்தைப் பார்க்கணும்."

அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றது. இயக்குநர் துப்பறிவாளர் பக்கம் மெல்ல நகர்ந்து வந்தார்.

"சார், அந்தக் கூடம் எந்தப் பக்கம்?"

துப்பறிவாளர் போஸ்டரைப் பார்த்தார். போஸ்டர் மேடையை விட்டு இறங்கி வந்தான்.

"மேடம், நான் அழைத்துச் செல்வேன். ஆனால் அந்த வகுப்பில் என் பெயர் இல்லை. பெயர் இல்லாதவன் விருந்தினரை வழிநடத்துவது நம் நிறுவனத்தின் மரபு அல்ல."

மச்சினன் சட்டென்று குனிந்து முதுகைக் காட்டினான். "மேஜை தயார் மேடம். கொஞ்சம் மெதுவா எழுதுங்க, எனக்குக் கூச்சம் ஜாஸ்தி."

இயக்குநர் வாசலை அடைத்து நின்ற பெற்றோர்களைப் பார்த்தார். கையில் இருந்த வரவேற்பு அட்டையைத் திருப்பினார். அதன் வெற்றுப் பக்கத்தில், மச்சினன் முதுகின் மேல் வைத்து, இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெயர் எழுதுகிற இடத்தில் பேனா நின்றது.

"உன் பேரு என்னப்பா?"

அவன் சொன்னான். இயக்குநர் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார்.

*

கூடத்தில் டீச்சர் கரும்பலகையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்த கூட்டத்தைப் பார்த்து, எதுவும் கேட்காமல் பையை மறுபடி மேஜைமேல் வைத்து, சாக்பீஸை மொட்டைத் தலைப் பையனிடம் நீட்டினார்.

அவன் இரண்டு கல் வரைந்தான். மேலே ஒரு பலகை. பலகையின் நடுவில் ஒரு மனிதன். பலகை வளைந்தது. எங்கே இழுக்கிறது, எங்கே நசுங்குகிறது என்று அம்புக்குறி போட்டு, இரு மொழியிலும் தடுமாறித் தடுமாறிச் சொன்னான். ஓர் அம்பைத் தப்பாகப் போட்டான். டீச்சர் விரலால் தட்டினார். அழித்துச் சரியாகப் போட்டான்.

தங்கை முதல் பெஞ்சிலிருந்து கை தூக்கினாள். இங்கே வருவதற்காகவே இந்த ஊர்ப் பேச்சைப் படித்திருக்கிறாள் போலும். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள்.

"நடுவுல இல்லாம, ரெண்டு பேர் ஒரே ஓரமா நின்னா?"

அவன் படத்தைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். வெளியே சைக்கிள் கொட்டகையில் யாரோ மணியடித்துவிட்டுப் போனார்கள். இயக்குநர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியலை" என்றான். "நாளைக்கு வகுப்பு இருக்கு. கேட்டுச் சொல்றேன்."

தங்கை எழுந்து போனாள். அவன் கையிலிருந்து சாக்பீஸை வாங்கினாள். பலகையின் நடுவில் நின்ற மனிதனை உள்ளங்கையால் அழித்தாள். ஓரமாக இரண்டு பேரை வரைந்துவிட்டு, பலகை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று தெரியாமல், சாக்பீஸோடு அப்படியே நின்றாள்.

"அத்தான், கிளம்பலாமா?" என்றான் மச்சினன் தாழ்ந்த குரலில்.

"இரு" என்றார் துப்பறிவாளர், கடைசி பெஞ்சில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டு. "டீச்சர் ஏதோ சொல்ல வர்றாங்க."